தாய்மாமன் மடிக்கு ஒரு டிரெய்லர்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், திருமுக்கூடல் பக்கம் ஒரு கிராமத்துத் தெருவில் நடந்தது இது. அந்தத் தெருவை நினைத்தால் எனக்கு இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

நாங்கள் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறவர்கள். என் கணவர் டிராக்டர் ஓட்டுவதில் பெரிய கெட்டிக்காரர். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரைச் சந்துக்குள் பின்னாலேயே கொண்டுபோய், சுவரில் உரசாமல் நிறுத்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இறங்கி வருவார். ஒருநாள் வரப்பில் ஏறும்போது அதே டிராக்டர் கவிழ்ந்தது. உயிர் தப்பியது. ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

மாதக்கணக்கில் கட்டிலிலேயே கிடந்தவருக்கு பேட்டரி நாற்காலி ஒன்று வந்த பிறகுதான் உயிர் வந்தது. யாரும் தள்ள வேண்டாம். விரல் நுனியில் ஒரு குமிழைத் திருப்பினால் போதும், ஊரை ஒரு சுற்று சுற்றி, கழனிவரை போய் நாலு பேரைத் திட்டிவிட்டு வருவார். திட்ட ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் எனக்கு நிம்மதியே வந்தது. ஆனால் அந்த நாற்காலியின் எடை என்னை விட அதிகம். எந்தக் காரின் டிக்கியிலும் அடங்காது. மடக்குகிற நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால், "நான் இன்னா காய்கறி வண்டியா?" என்பார்.

ஒரு கல்யாணத்துக்கு அவர் வாடகைக் காரிலும் நாற்காலி மினி லாரியிலும் போனோம். லாரிக்காரர் வழியில் நாஷ்டா சாப்பிட இறங்கிவிட்டார். நாற்காலி வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அதுவரை இவர் வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஜன்னலில் குனிந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை.

அப்போதுதான் என் நாத்தனார் போன் செய்தாள். அவளுடைய மூன்று வயதுப் பெண்ணுக்கு, தை மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தப் போகிறார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்தவர் இவர் ஒருவர்தான். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"அண்ணா, நீ செரமப்பட்டுக்கினு வர வேணாம். சித்தப்பா புள்ள கீறான் இல்ல, அவனும் மாமன் மொறதான். அவன் மடில ஒக்கார வெச்சிக்கறோம். நீ வூட்ல இருந்தே ஆசீர்வாதம் பண்ணிடு."

இவர் "சரிம்மா" என்று போனை வைத்தார். அன்று இரவு சாப்பிடவில்லை. யாராவது குத்திப் பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பார். பாவம் பார்த்துப் பேசினால் யாரோடு சண்டை போடுவது? மறுநாள் காலையில், தார்ப்பாய் மூடி நின்றிருந்த டிராக்டரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "அத்த வித்துட்டு ஒரு வண்டி வாங்கலாம்மே. நாமளும் ஏறணும், பின்னாடி சேரையும் இஸ்த்துக்கினு போவணும்."

அப்புறம் எங்கள் வீட்டில் ஒரே வண்டிப் பேச்சுதான். கடைகளுக்கு நான் போவேன். இவர் வீட்டிலிருந்து வீடியோ காலில் வருவார். விற்பனைப் பையன் என்னிடம் மேலே திறக்கிற கண்ணாடியைக் காட்டுவான். இவர் போனுக்குள்ளிருந்து, "கூரைய உடு, கீய காட்டு" என்பார். அடியில் லாரிக்கு இருப்பது போல நீளமாக இரண்டு இரும்புச் சட்டம் இருக்க வேண்டுமாம். அதில்தான் இழுக்கிற கொக்கியைப் பூட்ட முடியும். வெறும் பம்பரில் பூட்டினால் ஒருநாள் பம்பரும் டிரெய்லரும் சேர்ந்தே நம்மைப் பிரிந்து போய்விடுமாம். அதைப் பார்ப்பதற்காக, பளபளவென்று துடைத்து வைத்த தரையில் புடவையோடு படுத்து, வண்டிக்கு அடியில் போனை நீட்டியவள் அந்தக் கடை வரலாற்றிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைசியில், பின்சக்கரம் இழுக்கிற டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரக்கூடியது, பழையதுதான், ஆனால் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தது.

உத்திரமேரூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் டிரெய்லர் செய்தோம். இரண்டு சக்கரம், பக்கத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு, பின்கதவைத் தரையில் சாய்த்தால் அதுவே சரிவுப் பாதை. காரில் பிரேக் பிடித்தால் டிரெய்லரிலும் சிவப்பு விளக்கு எரிய ஒயரிங், கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் இருக்க இரண்டு சங்கிலி, பின்னால் தெரிய நீட்டி வைத்த கண்ணாடிகள். நாற்காலியை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கட்ட வேண்டும், பாரம் பின்னால் போனால் ஓட்டத்தில் வால் ஆடும் என்று இவர் பட்டறைக்காரரோடு மணிக்கணக்கில் பேசினார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுமதிக்காக நடந்து என் செருப்புத் தேய்ந்தது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு வண்டியை வாசலில் நிறுத்தி, அவரை ஏற்றப் போனால், வண்டியின் சீட்டு அவருடைய நாற்காலியை விட ஒரு சாணுக்கு மேல் உயரமாக இருந்தது!

வழவழப்பான பலகை ஒன்றைப் பாலம் போல வைத்து, அதன்மேல் நகர்ந்துதான் அவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவார். பலகையில் கீழே சறுக்கலாம். மேலே எப்படிச் சறுக்குவது? சட்டத்தை அளந்தோம், கொக்கியை அளந்தோம், ஏறி உட்காரப் போகிற மனிதரை அளக்க மறந்துவிட்டோம். எனக்கு அழுகை வந்தது. அவர்தான் முதலில் சிரித்தார். கொத்தனாரை வரவழைத்து வாசலில் சரிவோடு ஒரு சிமெண்டு மேடை கட்டினோம். நாற்காலி மேடையில் ஏறினால் சீட்டுக்குச் சமமாக நிற்கும். போகிற இடத்தில் இறங்குவதற்குப் பலகை போதும். திரும்பி ஏறுவதற்கு நாலு பேர் தூக்கட்டும், அது அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

பிள்ளை வெளியூரில் படிக்கிறான் என்பதால் ஓட்டுவது நான்தான். கார் ஓட்டப் பழகிவிட்டேன். டிரெய்லரோடு முன்னால் போகவும் பழகிவிட்டேன். பின்னால் போவது மட்டும் வரவே இல்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் மறுபக்கம் போகும். அதை நேராக்கப் போனால் முழங்கை மாதிரி மடங்கிக்கொள்ளும். நெற்களத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "எதிர்ப்பக்கம் ஒடிமே! எதிர்ப்பக்கம்!" என்று அவர் கத்த, "நீயே வந்து ஓட்டு!" என்று நான் கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அதன் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வாழ்க்கையில் ரிவர்ஸ் தேவைப்படாத ஊர்களுக்கு மட்டும் போவது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் சீர்த்தட்டுகளைக் காரில் வைத்து, நாற்காலியை டிரெய்லரில் ஏற்றி நாலு பக்கமும் பட்டை போட்டுக் கட்டிக் கிளம்பினோம். பட்டுக்கரை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ராகு காலம் வருவதற்குள் காது குத்திவிட வேண்டும். நாங்கள் வருவதாக நாத்தனாரிடம் சொல்லியிருந்தோம்; ஆனால் வந்தாலும் வராவிட்டாலும் நேரம் தப்பக்கூடாது என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள்.

கோயிலுக்குப் போகும் கடைசித் தெரு குறுகல். ஒரு பக்கம் வீடுகளின் சுவர், மறுபக்கம் தண்ணீர் ஓடும் வாய்க்கால். பாதித் தெரு போனதும் எதிரே ஒரு டவுன் பஸ் வந்து நின்றது. எனக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒதுங்க இடம் இருந்தது. கார் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போயிருப்பேன். பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்து, "பின்னாடி எடும்மா, இன்னா பாத்துக்கினு கீற?" என்றார். ரிவர்ஸ் போட்டேன். டிரெய்லர் மடங்கியது. முன்னால் வந்து நேராக்கி மறுபடி எடுத்தேன். மறுபடி மடங்கியது. இவர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார், என் காதில் எதுவுமே ஏறவில்லை. பஸ்ஸிலிருந்து ஒருவர், "லேடீஸுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்றார். மூன்றாவது முறை டிரெய்லரின் ஒரு சக்கரம் வாய்க்கால் விளிம்பில் போய் நின்றது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் நாற்காலி தண்ணீருக்குள்.

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். கோயிலில் நாதஸ்வரச் சத்தம் இங்கேயே கேட்டது. இவர் என் தோளைத் தொட்டார்.

"உடுமே. வூட்டுக்குப் போயிடலாம்."

"வூட்டுக்குப் போவணும்னாலும் ரிவர்ஸ்தான் எடுக்கணும்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை. திட்டத்தான் வருகிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் தயாரானேன். அவர் நேராகப் பின்னால் போனார். டிரெய்லரையும் அதில் கட்டியிருந்த நாற்காலியையும் நின்று பார்த்தார். திரும்பி வந்து இவர் பக்கத்து ஜன்னலில் கேட்டார்.

"எங்க போறீங்க சார்?"

"கோயிலுக்கு. தங்கச்சி கொயந்தைக்குக் காது குத்து. நான்தான் தாய்மாமன்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கால் எப்படிப் போனது, எத்தனை நாளாக இப்படி என்று வழக்கமாகக் கேட்கிற எதையும் கேட்கவில்லை. குனிந்து என்னைப் பார்த்து, "ஒனக்கு முன்னாடி வரத் தெரியும் இல்ல? நேரா வா. பின்னாடி போறத நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவ்வளவு பெரிய பஸ், முழுக்க ஆட்களோடு, பின்னால் போக ஆரம்பித்தது. திட்டிக்கொண்டிருந்த கண்டக்டரே ஓடிப்போய் பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற பைக்குகளை விலக்கி விசில் ஊதினார். "லேடீஸுக்கு இன்னாத்துக்கு" என்றவர் இறங்கி, ஒரு மாட்டு வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் முதலில் கொஞ்சம் முன்னால் இழுத்து டிரெய்லரை நேராக்கினேன். அப்புறம் பஸ் பின்வாங்க வாங்க, அதைப் பார்த்தபடியே மெதுவாக முன்னேறினேன். தெருமுனையில் பள்ளிக்கூடத் திருப்பத்துக்குள் பஸ் ஒதுங்கியது. தாண்டும்போது கும்பிட்டேன். "போம்மா போ, நேரமாவுது" என்று கையை வீசினார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கோயிலில் எங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாகிவிட்டது. சித்தப்பா மகன் மனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். காரையும் டிரெய்லரையும் பார்த்ததும் அவரே எழுந்து, "யோவ், அண்ணன் வந்துட்டாரு!" என்று கூட்டத்தை விலக்கினார். அதற்காக அவரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். பின்கதவைச் சாய்த்து நாற்காலியை இறக்கினேன். இவர் பலகையில் சறுக்கி அதில் உட்கார்ந்து, குமிழைத் திருப்பி, தானாகவே சந்நிதிக்கு முன்னால் போய் நின்றார். நாத்தனார் ஓடிவந்து அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "அழுவாத, நேரமாவுது, கொயந்தயக் குடு" என்றார் இவர்.

குழந்தையை அவர் மடியில் வைத்தார்கள். கால்கள் சரிவாக இருந்ததால் அவள் வழுக்கினாள். நான் கீழே மண்டியிட்டு, அவளுக்கும் அவர் தொடைக்கும் நடுவில் என் கையைக் கொடுத்துத் தாங்கினேன். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை வீரிட்டு அழுதது. டிராக்டர் பிடித்துக் காய்த்துப்போன இரண்டு கைகளால் அவளைச் சேர்த்துப் பிடித்திருந்தார். சுற்றிலும் குலவைச் சத்தம், மேளச் சத்தம். அந்த இரைச்சலுக்குள் இவர் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"நல்லா கனமா கீறாளா, மே?"

ஏன் இதைக் கேட்கிறார் என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. தன் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் எடை அவருக்குத் தெரியவில்லை.

"கனம்தாங்க. நெல்லு மூட்டை கணக்கா கீறா" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "எங்க வூட்டுப் புள்ள இல்ல?" என்று சொல்லி, அழுகிற குழந்தையின் மொட்டைத் தலையில் முத்தம் கொடுத்தார்.

ரிவர்ஸ் எனக்கு இன்றைக்கும் சுமாராகத்தான் வருகிறது, சண்டையும் தொடர்கிறது. ஆனால் அன்று அவருக்குத் தெரியாத அந்தக் கனத்தை அவருக்காக என் கையில் வாங்கி, அவரிடமே சொன்ன அந்த ஒரு நிமிடத்துக்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.