மூன்று தாள் மனு

ஐம்பதுகளின் கடைசியில் பெங்களூரில் ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். தொழிலாளர்கள் தமிழில் தரும் மனுக்களை மேலாளருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. விவேக் நகரில் கான்வென்டில் படித்தவள் என்ற தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் உண்டு.

முதல் மனுவை வரி விடாமல் எழுதி நீட்டினேன். மேலாளர் தாளைத் திருப்பித் தந்தார்.

"சம்மரைஸ் பண்ணச் சொன்னா கதை கதையா எழுதிட்டு வந்திருக்கியேம்மா. எனக்கு ஒரு லைன் போதும்."

எங்கள் ஆட்களுக்கெல்லாம் மனு எழுதித் தருபவர் அல்சூரில் ஒரே ஒருவர்தான். யார் போனாலும் வயதான தாய், பாயில் படுத்த மனைவி, பாலுக்கு அழும் குழந்தை என்று இரண்டு தாள் அழுதுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். கல்யாணமாகாதவனுக்கும் மனுவில் சீக்காளி மனைவி இருந்தாள். எனக்குச் சிரிப்பு வரும். நாளடைவில் கடைசித் தாளை மட்டும் படிக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் உலையில் வேலை செய்பவர் ஒருவர் மூன்று தாள் மனுவோடு வந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் நல்லா எழுதிக் குடும்மா. உன்னத்தான் நம்பிக்கினு இருக்கேன்."

தலையாட்டினேன். உலைத் தொழிலாளி கேட் வேலைக்கு மாற்றம் கேட்கிறார் என்று ஒரே வரி எழுதி, மனுவின் மேல் குண்டூசியால் குத்தி அனுப்பினேன்.

"பாத்தியா, இதுதான் சம்மரைஸ்!" என்றார் மேலாளர். அந்த வரிக்குக் கீழே, இடம் காலியில்லை என்று எழுதினார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்தாறு மாதத்தில் அந்த மனிதர் இறந்துபோனார். அவருடைய ஃபைலை மூட எடுத்தபோதுதான் நடுத்தாளைப் படித்தேன். இருமினால் ரத்தம் வருகிறது, உலைப் புகை ஆகவே ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். படுத்த மனைவிக்கும் அழும் குழந்தைக்கும் நடுவில் அது இருந்தது. அந்தப் பாவத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுவாரம் அவர் மனைவி வந்தாள். கையில் ஒரு துண்டுத் தாள். கோணல் எழுத்தில் அவளே எழுதியிருந்தாள். வீட்டுக்காரர் செத்துப்போய்விட்டார், எனக்கு ஒரு வேலை வேண்டும். அவ்வளவுதான்.

"நீட்டி எழுதினதாலதான் மேனேஜரு படிக்கலன்னு அவரு சொல்லிக்கினே இருந்தாரு. அதான் சுருக்கமா எழுதினேன். சரியா இருக்குதா தங்கச்சி?"

"சரியா இருக்குக்கா" என்றேன்.