பூஜை பெயிண்டும் மஞ்சள் விளக்கும்

பி.எஸ்.சி. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, இரண்டு முறை புதுப்பித்தும் கோமதிசங்கருக்கு இன்டர்வியூ கார்டு வரவில்லை. திருநெல்வேலியில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் தொழில் பழகி, எண்பத்திரண்டில் சங்கரன்கோவிலில் சொந்தக் கடை போட்டான். மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் இளையரசனேந்தலில் இருக்கும் அவன் அப்பா, "படிச்சிருக்கான்" என்று மட்டும் சொல்வார்.

ஆயுத பூஜை கழிந்த மூன்றாம் நாள் பிச்சையா லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். புளியங்குடி எலுமிச்சையைக் கேரளாவுக்கு ஏற்றிப் போகிற டிரைவர். மலைப்பாதையில் பனி மறைக்கிறது. பம்பரில் இரண்டு மஞ்சள் விளக்கு வேண்டும். சாயங்காலமே லோடு ஏற்றியாக வேண்டும்.

நாலு மணிக்கு மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டான். விளக்குகள் லேசாகச் சிவந்தன, அவ்வளவுதான்.

"என்ன வே, ஊதுபத்தி கொளுத்தி வச்சிருக்கீரு?"

"பேட்டரி வீக்கு அண்ணாச்சி." வாயில் முதலில் வந்தது அதுதான்.

"போட்டு ஆறு மாசம் ஆகலியே. சரி, படிச்சவரு சொல்லுதீரு. புதுசு வாங்கலாமான்னு முதலாளிகிட்ட போன்ல கேட்டுட்டு வாரேன்." எதிர்த்த மளிகைக் கடைக்குப் போனார்.

கோமதிசங்கர் பல்பை மாற்றினான், சுவிட்சை மாற்றினான். பிறகு பம்பரை நகத்தால் கீறிப் பார்த்தான். பூஜைக்கு அடித்த சிவப்புப் பெயிண்ட், தோல் மாதிரி கனம். விளக்குக்குப் போவது ஒரே வயர். கரண்ட் திரும்பி வருவது வண்டியின் இரும்பு வழியாக. அவன் விளக்கை இரும்பின் மேல் முடுக்கவில்லை, கரண்டை மறிக்கும் பெயிண்டின் மேல் முடுக்கியிருந்தான். காலேஜ் நோட்டில் எத்தனை தடவை வரைந்திருப்பான் இந்தச் சுற்றை.

விளக்கிலிருந்து தனி வயர் இழுத்து, வண்டிக்கு அடியில் சேஸிஸ் சட்டத்தின் போல்ட்டைத் தேய்த்து அதில் முடுக்கினான். எதிர்ச்சுவர் மஞ்சளாகியது.

பேசாமல் இருந்துவிட்டால்? புது பேட்டரி போட்டதும் எரிந்தது என்றால் யாருக்குத் தெரியப்போகிறது? நல்ல பேட்டரி ஒன்று கழற்றிப் போடப்படும், அவ்வளவுதானே என்று நினைத்த மனசைப் பார்க்க அவனுக்கே பிடிக்கவில்லை. ரோட்டைக் கடந்தான்.

பிச்சையா லைன் கிடைக்காமல் காத்திருந்தார்.

"போனை வைங்க அண்ணாச்சி. பேட்டரி நல்ல பேட்டரி. நாந்தான் பெயிண்டு மேலயே முடுக்கிட்டேன்."

அவர் சுவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"பெயிண்ட சொரண்டலையே?"

"இல்ல. அடியிலதான்."

"நல்லவேளை. முதலாளி போனை எடுத்திருந்தாருன்னா எனக்குத்தான் பூசை." ரிசீவரை வைத்தார். "திரும்பி வந்ததும் பின்னாடி ஒரு லைட்டு மாட்டணும். நீரே மாட்டும்."

லாரி புளியங்குடி ரோட்டில் திரும்பும்வரை டெஸ்டரைப் பிடித்தபடியே நின்றான். பிறகுதான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.