வாயில் வைக்க முடியாத டீ

எண்பதுகளில் ஒரு டீத்தூள் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்டு எழுதுவது என் வேலை. புதூர்நாடு என்ற மலைக்கிராமத்தில் ஒரு அம்மாளிடம் மாதிரிப் பொட்டலம் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் போய் எப்படி இருந்தது என்று கேட்டேன். குள்ளமான உருவம், கழுத்தில் கருகமணி. பதில் சொல்லுமுன் ஆளின் முகத்தை உற்றுப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றும் பார்த்தார்.

"நல்லா இல்லன்னா உன் வேல பூடுமா நைனா?"

"போகாதுங்கம்மா."

"அப்ப சொல்றேன். வாயில வெக்க முடியல."

சொல்லிவிட்டு அவரே வருத்தப்பட்டார். நான் வந்த கம்பெனி ஜீப் கிளம்பும்போது ஓடிவந்து, இலையில் சுற்றிய பலாச்சுளைகளை என் மடியில் வைத்தார்.

"உங்க மொதலாளிக்கும் ரெண்டு குடு. கோவம் கொறஞ்சுடும்."

வேலை போகாது என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.