பிரேக்குக்கு இரண்டு பேர்

எங்கள் காருக்குப் பிரேக் பிடிக்காமல் போனபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். தாத்தா இறந்த பிறகு அவருடைய படகை விற்று அப்பா வாங்கிய பழைய கார் அது. படகை விற்கும்போது மாடியில் குடியிருந்த சித்தப்பாவை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று நின்ற பேச்சு, ஒரு வருஷமாகியும் தொடங்கவில்லை. சந்தில் கார் நின்றால் சித்தப்பா சாக்கடை ஓரமாக ஒதுங்கிப் போவாரே தவிர, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

கல்மண்டபத்து மெக்கானிக், வண்டியைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வண்டி செஞ்சவன் ரிப்பேருக்கு ஒரு புக்கு போடாமயா இருப்பான்?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு பழைய புத்தகக் கடைகளாக ஏறி இறங்கினார். ஒருவர் டிராக்டர் புத்தகத்தை எடுத்து நீட்டி, எல்லாம் ஒரே இன்ஜின்தான் என்று சாதித்தார். கடைசியில் பிரவுசிங் சென்டரில்தான் கிடைத்தது. புத்தகம் மிகப் பெரியது என்பதால் பிரேக் பற்றிய பகுதியை மட்டும் அச்செடுத்து அட்டை போட்டு வாங்கி வந்தோம். எங்கள் வீட்டில் பைபிளுக்கு அடுத்தபடியாக மரியாதை பெற்ற புத்தகம் அதுதான்.

அது ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அப்பா பிரேக் ஆயில் ஒழுகிய குழாயைத் தானே மாற்றினார். அதன்பின் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் சக்கரத்தருகே உள்ள திருகாணியைத் திறந்து மூட வேண்டும் என்று போட்டிருந்தது.

நான் குதித்து எழுந்தேன். "நைனா, நான் மிதிக்கிறேன்!"

வாசலில் நின்றிருந்த அம்மா, "உனக்குக் கால் எட்டாதுடி. மேல போயி சித்தப்பாவ இட்டுக்கினு வா" என்றாள். அப்பா தலை நிமிரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு? உங்கப்பன் இட்டாறச் சொன்னானா?"

"இல்ல சித்தப்பா. ரெண்டு பேர் வோணும்னு புக்குல போட்டுக்கீது."

"புக்குல எம்பேரு போட்டுக்கீதா?" என்றார். ஆனாலும் கையைக் கழுவிக்கொண்டு இறங்கி வந்தார்.

அந்தக் காரில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அப்பா பின்சக்கரத்தருகே தரையில் படுத்துக்கொண்டார்.

"அமுக்கு" என்றார் அப்பா.

"அமுக்கிட்டேன்."

"புடிச்சிக்கோ."

"புடிச்சிகினுதான் கீறேன்."

"ம், வுடு."

நாலு சக்கரத்துக்கும் இதே பேச்சுதான், திரும்பத் திரும்ப. மூன்றாவது சக்கரத்தில் சித்தப்பா, "மெதுவாண்ணா, கண்ணுல ஆயில் அடிச்சிரப் போவுது" என்றார். அம்மா சட்டென்று உள்ளே போய் டீ போட ஆரம்பித்தாள்.

பிரேக் பெடல் கல் மாதிரி இறுகி நின்றது. இருவரும் எர்ணாவூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். என்னை மிதிக்க விடவில்லையே என்று எனக்கு ஆத்திரம். கார் திரும்பி வந்து நின்றதும் சீட்டில் ஏறி, நுனியில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். கால் நன்றாகவே எட்டியது. எனக்கு எட்டாவிட்டாலும், சும்மா நின்ற அம்மாவே மிதித்திருக்கலாம். இதற்குப்போய் சித்தப்பாவைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பியிருக்க வேண்டியதே இல்லை என்று நிரூபிக்க, நான் அம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் மறுபடி சூடாக்கிய இரண்டு டம்ளர் டீயோடு என்னைப் பார்க்காமலே கடந்து போனாள்.