உரப்பையில் கிடந்த கியர்ப்பெட்டி

மார்கழி பிறந்ததிலிருந்து அத்தானின் கார் காலையில் நகர மறுத்தது. எஞ்சினில் பிழையில்லை. வன்னிக்குப் பெற்றோல் தடை; இரண்டு சொட்டில் உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டால் வளவு முழுக்கப் புகைக்கும். கியரைப் போட்டால்தான் ஒன்றும் நடக்காது. நின்ற இடத்திலேயே நின்று உறுமும். வெயில் நன்றாக ஏறியபிறகு தன்பாட்டில் ஓடும். அதற்குள் ஜெயபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகிற சனம் உழவு மெசின் பெட்டியில் ஏறிப் போய்விடும்.

வேறு யாருடைய கார் என்றாலும் நான் இவ்வளவு பதைத்திருக்கமாட்டேன். அத்தானுக்கு இடது கால் முழங்காலுக்கு மேலேயே இல்லை. மிதிவெடி. கிளச் மிதிக்கிற வாகனம் எதையும் அவரால் ஓட்டமுடியாது. சண்டையில் பாதை பூட்டமுதல் கொழும்பிலிருந்து ஒரு சொந்தக்காரர் கொண்டுவந்து விட்டுப்போன, தானே கியர் மாறுகிற இந்தப் பழைய ஓட்டோ கியர் காருக்கு இடது கால் தேவையில்லை. வளவில் சும்மா நின்று கோழி முட்டையிட்ட கார், கால் போனபிறகு அவருக்கு ஆள் ஏற்றுகிற தொழிலானது. அது நின்றால் அவர் கதிரையோடு இருக்கவேண்டியதுதான். கால் போன புதிதில் அப்படி இருந்தும் பார்த்தவர். அந்த மாதங்களில் அக்கா பட்ட பாட்டை நான் கண்டவன்.

கிளிநொச்சியில் ஒரு கராஜ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, உள்ளே தட்டுகள் தேய்ந்திருக்கும், ஆனால் தான் இதில் கைவைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மிச்சம் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, உழவு மெசினும் தண்ணீர் மெசினும் திருத்தப் பழகினவன். உழவு மெசினின் கியர்ப்பெட்டியைத் திறந்தால் பல் உடைந்த சக்கரம் கண்ணுக்குத் தெரியும். இதற்குள் என்ன இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

“நான் கொல்லச் சொல்லேல்லை மச்சான், கழட்டச் சொன்னனான்,” என்றார் அத்தான்.

மதியம் பக்கத்துக் காணிக்காரர் வந்து பிடிக்க, காரைப் பனங்குற்றிகளில் ஏற்றிக் கியர்ப்பெட்டியைக் கயிற்றில் இறக்கினோம். ஒயில் சருவச்சட்டிக்குள் வடிந்தது. தேங்காயெண்ணெய் வாசம். அதில் புதினம் ஒன்றுமில்லை. அந்தப் பெட்டிக்குரிய ஒயில் வன்னிக்குள் வருவதில்லை. ஒழுகிக் குறையக் குறைய அத்தான் தேங்காயெண்ணெய்தான் விட்டுவந்தார். மோட்டார்சைக்கிளுக்கும் மண்ணெண்ணெயோடு அதைத்தானே எல்லாரும் கலந்தோம்.

உரப்பைகளை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே அடுக்கினேன். தட்டுக்கு மேல் தட்டு, வளையத்துக்குள் வளையம், பிறகு கறையான் தின்ற பலகை போல வழிவழியாய்க் குடைந்த ஒரு அலுமினியக் கட்டை. அதைத் திருப்பினேன். கடலையளவு இரும்புக் குண்டுகள் உருண்டு விழுந்தன. எது எந்தக் குழியில் இருந்ததென்று நான் பார்க்கவில்லை. தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினேன். கோழிகள் வேறு சுற்றிச் சுற்றி வந்தன. அக்கா அவற்றைத் துரத்திக்கொண்டே, “ஒண்டை முழுங்கினா கோழியையும் சேத்துப் பூட்டு,” என்றா.

தட்டுகளைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கருகவில்லை, தேயவில்லை. அதுதான் என்னை இன்னும் கலக்கியது. பிழை தெரிந்தால் மனம் ஆறும். பிழையே இல்லாததைப் பிரித்துப் போட்டிருக்கிறேன், இனிப் பூட்டினால் என் பிழைதான் உள்ளே போகும் என்று தோன்றியது. எல்லாவற்றையும் தறப்பாளால் மூடிவிட்டுப் போனேன்.

விடிய வந்து தறப்பாளைத் தூக்கினால், சருவச்சட்டிக்குள் ஒயில் வெள்ளையாய் உறைந்து கிடந்தது. சரித்தாலும் வடியவில்லை. ஒயிலை உறிஞ்சுகிற சல்லடை மெழுகு பூசியதுபோல் அடைபட்டிருந்தது. மார்கழியில் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தலை வெயிலில் வைத்து இளக்காத வீடு எங்கே இருக்கிறது? அக்காவும்தான் வைக்கிறா. கியர்ப்பெட்டிக்குள் இருப்பதும் அதே எண்ணெய்தான் என்று ஒருவருக்கும் ஓடவில்லை.

அத்தான் ஊன்றுகோலோடு வந்து விரலால் தோண்டிப் பார்த்தார்.

“அப்ப அதுக்கு ஒரு வருத்தமும் இல்லை.”

“இல்லை அத்தான். குளிர்தான்.”

“பிறகேன் உன்ரை முகம் செத்தவீடு மாதிரிக் கிடக்கு?”

ஏனென்றால் கியர்ப்பெட்டி இன்னும் துண்டுதுண்டாய் உரப்பையில்தான் கிடந்தது. குண்டு இருந்த குழிகளில் வட்டமாய் ஒரு தேய்வு மினுங்கியது. அதை வைத்துத்தான் ஒவ்வொன்றாய்ப் போட்டேன். ஒரு குழி மினுங்கியதா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை. கையில் ஒரு குண்டு மிஞ்சியதால் அதற்குள் விட்டேன்.

ஊற்றுவதற்கு வேறு ஒயில் இல்லை. அதே எண்ணெய்தான். அப்படியென்றால் காலையில் என்ன செய்வது என்று கேட்டேன்.

“பிள்ளைப்பெத்தவளுக்குக் கட்டிலுக்குக் கீழை தணல் வைக்கிறேல்லையே, அப்பிடித்தான்,” என்றா அக்கா.

மண்ணெண்ணெய் ஒழுகுகிற காருக்குக் கீழே நெருப்பு வைக்கவேண்டாம் என்று நான் கெஞ்சினேன். ஒருவரும் கேட்கவில்லை. பூட்டி முடித்த அடுத்த காலை அக்கா பழைய பேணித் தகட்டில் தணல் அள்ளி, மேலே சாம்பல் தூவி, கியர்ப்பெட்டிக்குக் கீழே தள்ளினா. நான் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிவந்து பக்கத்தில் நின்றேன். சந்தைக்குப் போகிற இரண்டு பெண்கள் கத்தரிக்காய்ச் சாக்கோடு படலையில் காத்துநின்றார்கள்.

அத்தான் ஏறி, ஊன்றுகோலைப் பின்னுக்குப் போட்டு, தணலை எடுக்கச் சொன்னார். கியரைத் தள்ளினார். கார் ஒருமுறை உதறியது. பிறகு நகர்ந்தது. அந்தப் பெண்கள் சாக்கை ஏற்றிக்கொண்டு, புகையைத் திட்டியபடி ஏறினார்கள்.

அத்தான் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஒழுங்கை முடக்குவரை காதைத் தீட்டிக்கொண்டு வாளியோடு காருக்குப் பின்னால் நடந்தேன். வாளியை வைத்துவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கச் சொல்லி அக்கா கூப்பிட்டா. போகவில்லை, படலைக்குத் திரும்பி வந்து நின்றேன். பின்னேரம் கார் திரும்பி வரும்வரை வாளி படலையடியில், என் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.