ஆறு கேள்விகளும் அக்காவின் சாட்சியும்

அப்பாவுக்குப் பிறகு அந்தக் கண்ணாடிக் கடையை நடத்தியவர்கள் அக்காவும் தங்கையும். அக்கா முன்பக்கம் மேஜை போட்டு ஆர்டர் எடுப்பாள். இளையவள் பின்பக்கம் கண்ணாடி அறுப்பாள். கடைக்கு மேல்மாடியில்தான் வீடு, அதனால் கடையில் தொடங்கும் சண்டை படியேறி வந்து சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் உட்காரும்.

நாற்பதைத் தாண்டியும் இளையவளுக்கு வீட்டில் 'அரைகுறை' என்றுதான் பெயர். வைத்தவள் அக்கா. ஆளுயர நிலைக்கண்ணாடியை ஒரே இழுப்பில் அறுத்துவிடுவாள், ஆனால் ஓரத்தைத் தேய்க்க மறந்துவிடுவாள். அளவு நாடாவை எங்கேயாவது வைத்துத் தொலைப்பாள், வாங்கி மாளாது. டீயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அது ஆடை கட்டி அப்படியே கிடக்கும்.

அழகு நிலையம் நடத்தும் பெண் ஒருத்திக்கு இரண்டாம் தடவையும் கண்ணாடி தப்பான அளவில் போனது. அவள் கடைக்குள் புயலாக நுழைந்தாள்.

"என்னம்மா, விளையாடுறீங்களா? வர்றவங்க எல்லாம் சுவத்தைப் பாத்துக்கிட்டா முடி வெட்டிக்குவாங்க?"

அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் பின்பக்கம் கைகாட்டினாள். "என்னைக் கேக்காதீங்க. அதோ இருக்கா பாருங்க எங்க வீட்டு அரைகுறை, அவளைக் கேளுங்க."

அழகு நிலையக்காரி உள்ளே போனபோது இளையவள் தரையில் மண்டியிட்டிருந்தாள். அறுக்கிற கட்டரைத் தேடப்போனவள் அலமாரிக்கு அடியில் தூசியைக் கண்டு பெருக்க ஆரம்பித்து, பெருக்கும்போது கிடைத்த திருகு எந்தச் சட்டத்திலிருந்து கழன்றது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் பாதி வேலையோடு நாலைந்து கண்ணாடிகள் காத்துக் கிடந்தன.

திட்ட வந்தவள் மேஜையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க இதுக்கு டாக்டரைப் பாத்திருக்கீங்களா?"

"எதுக்கு?"

"இப்படி இருக்கறதுக்குத்தான். எனக்கும் இதே கதைதான், ஏடிஹெச்டி. கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறு. சின்னப் பசங்களுக்கு மட்டும் வர்றதுன்னு நானும் நினைச்சேன். போன்லயே நம்மள நாமளே பரிசோதிச்சுப் பாக்கலாம், ஆறே கேள்வி."

"கண்ணாடி வாங்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும் இல்ல, சண்டை போட வந்தேன்" என்றாள் அவள். "கண்ணாடி நாளைக்கு வரலேன்னா அதையும் போடுவேன்."

இளையவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடையில் திட்டுவாங்குவது பழகிவிட்டது, அடுத்தவர் பரிதாபப்படுவது பழகவில்லை. அழகு நிலையக்காரி சொன்னது பொய் என்று காட்டுவதற்காகவே அன்று மதியம் கழுவும் தொட்டிக்கு அருகே நின்றபடி போனில் அந்தக் கேள்விகளைத் தேடி எடுத்தாள். நேரத்துக்குப் போகவேண்டிய இடங்களை மறந்துவிடுகிறீர்களா? ஒருபோதும் இல்லை. நீண்ட நேரம் உட்காரவேண்டி வந்தால் கைகால் சும்மா இருக்காதா? ஒருபோதும் இல்லை. ஆறுக்கும் அதே பதிலைக் குத்தினாள். உங்களிடம் அந்த அறிகுறிகள் தென்படவில்லை என்றது போன்.

"அப்படிப் போடு" என்று சொல்லி முடிக்கவில்லை, முன்பக்கத்திலிருந்து அக்காவின் அலறல் வந்தது. தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றவள் இவள்தான். தொட்டி வழிந்து, தண்ணீர் வாசல்வரை போய், புதிதாக வந்திறங்கிய சட்டக் கட்டைகளை நனைத்திருந்தது.

"கண்ணு பின்னாடியா இருக்கு? பக்கத்துல நின்னுக்கிட்டுதானேடி இருந்த!"

"பாக்கலக்கா... நிஜமாவே பாக்கலக்கா."

"நீ என்னைக்குத்தான் பாத்த? எல்லாம் திமிரு. நமக்கென்ன, அக்கா துடைப்பாங்கற கொழுப்பு."

துடைத்து முடித்தபின் ஈரக் காலோடு உட்கார்ந்து மறுபடி அந்தக் கேள்விகளைத் திறந்தாள். இந்தமுறை உண்மையைச் சொன்னாள். ஒரு வேலையின் கடினமான பகுதி முடிந்தபிறகு மிச்சமிருக்கும் சில்லறை வேலைகளை முடிக்கத் திணறுகிறீர்களா என்ற இடத்தில் விரல் நின்றது. தேய்க்காத ஓரங்கள் வரிசையாகக் கண்முன் வந்தன. 'மிக அடிக்கடி' என்பதை அழுத்தினாள். முடிவில், அறிகுறிகள் பொருந்துகின்றன, இதை மட்டும் வைத்து உறுதி செய்ய முடியாது, மருத்துவரைப் பாருங்கள் என்று வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். அக்கா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"போன்ல ஆறு கேள்வி கேட்டு வியாதி குடுக்கறாங்களா? சோம்பேறித்தனத்துக்கு இப்ப இங்கிலீஷ்ல பேரு வேற வெச்சாச்சா? அந்தக் கேள்வியை என்கிட்ட கேட்டாக்கூடத்தான் நானும் ஆமான்னு சொல்வேன்."

அது அவ்வளவு தப்பான பேச்சும் இல்லை. இளையவள் போய்ப் பார்த்த மனநல மருத்துவரே கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். மறதியும் பதற்றமும் யாருக்கும் வரலாம், தூக்கமில்லாமலும் வரும், தைராய்டாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். சுயபரிசோதனை கதவைத் தட்டுவது மாதிரி, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அது சொல்லாது என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, "இது இருந்தா சின்ன வயசிலேயே இருந்திருக்கணும். உங்களைச் சின்ன வயசுல பாத்தவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றார்.

பார்த்தவள் ஒருத்திதான் இருந்தாள். அக்கா கூப்பிடுவதற்கு முன்பே செருப்பை மாட்டினாள். "வரேண்டி. உன் வண்டவாளத்தையெல்லாம் அந்த டாக்டருக்கும் சொல்றேன்."

சொன்னாள். மூச்சுவிடாமல் சொன்னாள். "இவளை நம்பாதீங்க டாக்டர். ஒண்ணாம் வகுப்புல இருந்தே இப்படித்தான். செருப்புப் போட்டுக்கிட்டுப் போவா, ஒத்தைச் செருப்போட வருவா. கடைக்கு அனுப்பினா வெறுங்கையோட வந்து எதுக்குப் போனேன்னு என்னையே கேப்பா. பரீட்சையில தெரிஞ்ச கேள்வியப் பாதி எழுதிட்டு அடுத்ததுக்குத் தாவிடுவா. யாரையும் பேசி முடிக்க விடமாட்டா. நானும் அடிச்சுப் பாத்தேன், பட்டினி போட்டும் பாத்தேன். திருந்தவே இல்ல."

"எப்பவுமே இப்படியா? வேலை நல்லா செய்யற சமயமே கிடையாதா?"

"கடையில கூட்டம் அலைமோதட்டும், பறந்து பறந்து அறுப்பா. அதனாலதான் சொல்றேன், முடியாம இல்ல, வேணும்னே பண்றா."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "ரொம்ப நன்றி. எனக்கு வேண்டியது எல்லாமே நீங்க சொல்லிட்டீங்க" என்றார்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "நான் ஒண்ணும் அவளுக்குச் சாதகமாச் சொல்லலையே!"

ரத்தத்தில் குறை எதுவும் இல்லை. அடுத்தமுறை போனபோது ஏடிஹெச்டிதான் என்று மருத்துவர் உறுதியாகவே சொல்லிவிட்டார், மாத்திரையும் தொடங்கினார். மனம் லேசாகிவிடும் என்று அழகு நிலையக்காரி சொல்லியிருந்தாள். இளையவளுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. கோபம்தான் வந்தது. அடிவாங்கிய சிறுமி திடீரென்று உள்ளே எழுந்து நின்று கணக்குக் கேட்டாள்.

கடைக்குத் திரும்பியதும் மேஜை முன்னால் போய் நின்றாள். "பட்டினி போட்டேன்னு எவ்வளவு பெருமையாச் சொன்ன."

"அப்ப யாருக்குடி இதெல்லாம் தெரியும்? இப்ப என்ன, உன் கால்ல விழணுமா?"

"விழ வேணாம். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாத. போதும்."

அக்கா ரசீதுகளை அடுக்கியபடியே சொன்னாள்: "அரைகுறைய அரைகுறைன்னுதான் சொல்லுவாங்க."

இளையவள் அந்த வாரமே ஊருக்கு வெளியே உள்ள பெரிய கண்ணாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள், பக்கத்திலேயே ஒரு அறையும் எடுத்துக்கொண்டாள். தயங்கியிருந்தால் அதையும் பாதியில் விட்டிருப்போம் என்று அவளுக்கே தெரியும். முதல்நாளே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாள்: "அண்ணே, வாயால சொன்னா எனக்கு நிக்காது. எழுதிக் குடுத்துடுங்க."

"என் கையெழுத்து எனக்கே புரியாது" என்றார் அவர். "படம் போட்டுத் தரேன்."

மாத்திரை ஒன்றும் மாயம் செய்துவிடவில்லை. நாக்கு வறண்டது, பசி குறைந்தது. ஆனால் ஒரு கண்ணாடியைக் கையிலெடுத்தால் அதை முடிக்கும்வரை மற்ற கண்ணாடிகள் கூப்பிடாமல் இருந்தன. அப்படியும் ஒருநாள் ஒரு கதவுக் கண்ணாடியைக் குட்டையாக அறுத்துவிட்டாள். மேஸ்திரி கண்டுபிடிக்கும்முன் தானே போய்ச் சொன்னாள். அவர் நன்றாகத்தான் திட்டினார். கண்ணாடியைத்தான் திட்டினார், அளவைத்தான் திட்டினார். அவள் பிறப்பு வளர்ப்பு வரைக்கும் போகவில்லை.

அக்கா புது ஆளை வைத்துக் கடையை நடத்துகிறாள். தங்கை கடையை நட்டாற்றில் விட்டுப் போய்விட்டாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அது இளையவளின் காதுக்கும் வருகிறது. அவள் மறுத்துப் பேசப் போவதில்லை. அக்காவைப் பார்க்கவும் போவதில்லை.