நார்வேக்காரர் எழுதாத நிறுத்தம்

என் கொழுந்தனாரின் மனைவி நன்றாகப் பியானோ வாசிப்பாள் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். நாங்கள் இருவரும் ஒரே நாளில்தான் வகுப்பில் சேர்ந்தோம். ஒரே மாதிரி கீபோர்டு வாங்கினோம். ஒரே வீட்டில் நான் கீழே, அவள் மாடியில். ஆனால் அவள் வாசித்தால் என் கணவர் டிவி சத்தத்தைக் குறைப்பார். நான் வாசித்தால் கூட்டுவார்.

டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நார்வே நாட்டுக்காரர் ஒருவர் நூறு வருடங்களுக்கும் முன்னால் எழுதிய குட்டிக் குட்டிப் பியானோ துண்டுகள் என்றால் அவருக்கு உயிர். தன் ஊர் சனங்களின் ஆட்டத்தையும் பாட்டையும் அந்த மனிதர் இரண்டே பக்கத்தில் அடக்கிவிட்டார் என்பார். அதில் ஒன்றை எங்கள் இருவருக்கும் கொடுத்து, நன்றாக வாசிப்பவர் ஆண்டு விழாவில் மேடையேறலாம் என்றார். எனக்கு அந்த மேடை வேண்டும். அதைவிட, அது அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் எனக்கு அது சப்பென்று இருந்தது. அவளோ மூன்றாவது வரியில், மெட்டு உச்சிக்கு ஏறும் முன் ஒரு துளி நேரம் நிற்பாள். அந்த இடத்தில் எனக்கே நெஞ்சை அடைக்கும். இவளுக்கு மட்டும் எப்படித்தான் தோன்றுகிறதோ என்று பொருமினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடிப்படியில் ஒளிந்து நின்று செல்போனில் அதைப் பதிவு செய்தேன்.

அப்புறம் எல்லாம் எனக்குக் கைவந்த வேலை. எங்கள் குடும்பத்துப் பனியன் கம்பெனியில் சாம்பிள் தைக்கும் பிரிவு என் பொறுப்பு; அவசரத்துக்கு அவளும் வந்து தைப்பாள். வெளிநாட்டிலிருந்து வந்த உடுப்பை அச்சு அசலாகத் தைத்துக் காட்ட வேண்டும். அதில் தையல் கோணலாக இருந்தால் நாங்களும் கோணலாகவே தைப்போம். திருத்தினால் திரும்பி வந்துவிடும். அதே கவனத்தோடு அவளையும் காப்பியடித்தேன்.

தேர்வு நாளில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் வாசித்தேன். அந்த இடம் வந்ததும் அழகாக நின்றேன். டீச்சர் கையை உயர்த்தினார்.

"இங்க ஏன் நிக்கீங்க? புக்குல அப்படி இல்லையே. அவங்களுக்குச் சுண்டுவிரல் விரியாது, கைய நகத்தித்தான் அந்தக் கட்டைய எட்டணும். உங்க விரலுக்கு என்ன?"

எனக்கு முகம் கருத்துப்போயிற்று. அவளுடைய அந்தச் சுண்டுவிரலில் ஓவர்லாக் தையல் மெஷின் ஊசி ஏறியது, நான் அவசரப்படுத்திய ஒரு சாம்பிளை அவள் தைத்தபோதுதான். ஸ்கூட்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நானே. இத்தனை நாள் பொறாமையில் அவள் கையையே முறைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த விரல் மட்டும் கண்ணில் படவில்லை.

வீடு திரும்பும் வழியில் அவள்தான் முதலில் பேசினாள். குரலில் கேலி இல்லை.

"ஏனுங்க்கா, அந்த எடம் நெசமாவே நல்லாருந்துச்சுங்களா? வெரல் எட்டாதது வெளிய தெரியக்கூடாதுன்னுதானுங்க நான் இத்தன நாளா பாடுபடறேன்."

புத்தகத்தில் அப்படி இல்லை என்று டீச்சர் சொன்னதையே நானும் திருப்பிச் சொன்னேன்.

மேடையில் அவள்தான் வாசித்தாள். அதே இடத்தில் நின்றாள். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. நான் இப்போது நிற்காமல் வாசிக்கப் பழகிவிட்டேன், புத்தகத்தில் இருக்கிறபடி, ஒரு பிழையும் இல்லாமல். என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.